கணக்கு நம்முடையது... சாவி யாரிடம்?

மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் கூட்ட நாளைக் கற்பனை செய்துபாருங்கள். மாலை ஐந்து மணி. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து பாயில் உட்காருகிறார்கள். சேமிப்பு, உள்கடன் தவணை, வட்டி என்று எல்லோர் கையிலும் பணம். ஊக்குநராக இருக்கும் அம்மா, கல்லூரியில் படிக்கும் மகனின் லேப்டாப்பைத் திறக்கிறார். கடந்த ஓராண்டுக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஃபைல் திறக்கிறது, எண்கள் தெரிகின்றன. ஆனால், புதிதாக ஓர் எண்ணைத் தட்டினால் ஏற மறுக்கிறது.

"என்னடா இது, எழுதவே விடமாட்டேங்குது?"

"சந்தா முடிஞ்சுபோச்சும்மா. லேப்டாப் வாங்கினப்போ ஒரு வருஷம் இலவசமா கொடுத்திருந்தாங்க. இனிமே பணம் கட்டினாதான் எழுத முடியும். இப்போதைக்குப் பார்க்க மட்டும்தான்."

"கணக்கு நாம எழுதினதுடா. அதுல எழுத எதுக்கு இன்னொருத்தருக்குக் காசு கொடுக்கணும்?"

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. சாஃப்ட்வேர் எழுதியவர்கள் கட்டணம் கேட்பதில் தப்பில்லை. அது அவர்களின் உழைப்பு. ஆனால், நம் கணக்கைத் திறக்கும் ஒரே சாவி அவர்களிடம் மட்டும் இருந்தால், பணம் கட்ட முடியாத மாதத்தில் நாம் வாசலில் நிற்க வேண்டியதுதான். இதற்கு ஒரு மாற்று வழி பல ஆண்டுகளாக இருக்கிறது. அதன் பெயர் லிப்ரே ஆபீஸ். அதில் கணக்குப் போடும் பகுதிக்கு கால்க் என்று பெயர். எக்செல் செய்யும் அன்றாட வேலைகள் அனைத்தையும் செய்யும். விலை கிடையாது, சந்தா கிடையாது, காலக்கெடுவும் கிடையாது.

மசாலாப் பொடியும் பக்குவமும்

'இலவசமா? அப்படியானால் நாளைக்கு நிறுத்திவிட்டால் என்ன செய்வது?' என்று சந்தேகம் வரலாம். இங்கேதான் ஓப்பன் சோர்ஸ் என்பதன் அர்த்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் சாம்பார் பொடி வாங்குகிறோம். நன்றாக இருக்கிறது. ஆனால், எதை எவ்வளவு சேர்த்தார்கள் என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். கடையை மூடினால் அந்த ருசி போய்விடும். அவரே பக்குவத்தை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால்? கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் யார் வேண்டுமானாலும் அரைத்துக்கொள்ளலாம், காரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரில் நிரல் வரிகள் அப்படித்தான் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன.

லிப்ரே ஆபீஸின் கதையே இதற்குச் சாட்சி. ஜெர்மனியில் மார்கோ பெரிஸ் என்ற இளைஞர் 1985-ல் தொடங்கிய நிறுவனத்தில் உருவானது ஸ்டார் ஆபீஸ். அப்போது அவருக்கு வயது 16. அந்த நிறுவனத்தை 1999-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டு, 2000 அக்டோபரில், நிரல் வரிகளை உலகத்துக்கே திறந்துவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். பல நாடுகளைச் சேர்ந்த நிரலாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அதை வளர்த்தார்கள்.

2010 ஜனவரியில் சன் நிறுவனமே ஆரக்கிள் கைக்குப் போனது. புதிய முதலாளியின் கீழ் இது என்ன ஆகுமோ என்ற கவலை, வளர்த்தவர்களுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று அவர்களில் பலர் சேர்ந்து 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்தார்கள். ஓப்பன் ஆபீஸ் என்ற பெயர் ஆரக்கிளுக்குச் சொந்தம். அது கிடைக்கவில்லை. ஆனால், பக்குவம் எல்லோருக்கும் சொந்தமாயிற்றே! அதை எடுத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி, 2011 ஜனவரியில் லிப்ரே ஆபீஸின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். ஆரக்கிள் அதே ஆண்டில் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டது.

நிறுவனம் இரண்டு முறை கைமாறியும், பயன்படுத்தியவர்களின் ஃபைல்கள் பூட்டப்படவில்லை. மூடிய சாஃப்ட்வேராக இருந்திருந்தால் எல்லாமே புதிய முதலாளியின் மனசைப் பொறுத்திருக்கும்.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

சாஃப்ட்வேரைப் போலவே ஃபைலின் வடிவமும் முக்கியம். 1980-களில் உலகம் முழுக்க அலுவலகங்களில் கொடிகட்டிப் பறந்தது லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு சாஃப்ட்வேர். 2013-ல் அதன் விற்பனையை ஐபிஎம் நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஆதரவும் நின்றது. அந்தக் காலத்து லோட்டஸ் ஃபைலை இன்றும் கால்க் திறந்து காட்டும். அந்த வசதியை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே காரணம்.

கால்க் தனக்கென்று பயன்படுத்தும் ஃபைல் வடிவத்துக்கு ஓடிஎஸ் என்று பெயர். 2006-லேயே இது ஐஎஸ்ஓ தரம் பெற்றுவிட்டது. ஒரு சின்ன சோதனை செய்துபாருங்கள். பாஸ்வேர்டு போடாத ஓர் ஓடிஎஸ் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள 'ஓடிஎஸ்' என்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால், உள்ளே சில ஃபைல்கள் தெரியும். அதில் 'கன்டென்ட்' என்ற பெயரில் இருப்பதைத் திறந்தால், குறியீடுகளுக்கு நடுவே நீங்கள் எழுதிய பெயர்களும் தொகைகளும் அப்படியே இருக்கும். நாளை எந்த கணக்கு சாஃப்ட்வேரும் இல்லாவிட்டாலும், உங்கள் கணக்கைப் படிக்க முடியும்.

பழைய வடிவத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் உதாரணம். 2020 கொரோனா காலத்தில், தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது. அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களை எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. விவரங்களைக் கையாண்ட விதத்தில் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் இருந்ததும், அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் இல்லாததும் காரணமாகச் சொல்லப்பட்டது. இன்றைய கால்க்கிலும் எக்செல்லிலும் ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. எனவே, யாராவது எக்செல் ஃபைல் கேட்டால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற புதிய வடிவத்தில் சேமித்துக் கொடுங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வேண்டாம்.

மாறுவதற்கு முன் கவனிக்க...

லிப்ரே ஆபீஸின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கிடைக்கும். நன்கொடை கேட்பார்கள். கொடுப்பது உங்கள் விருப்பம். தமிழில் மெனு வேண்டுமென்றால் அமைப்புகளில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். ஃபோனில் பயன்படுத்த, இதே நிரலை அடிப்படையாகக் கொண்ட கொலாபரா ஆபீஸ் ஆப் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது.

முதலில் தேதி. லேப்டாப் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 5/6 என்று அடிப்பது மே 6 ஆகிவிடும். ஜூன் 5-ல் கட்டிய தவணை ஒரு மாதம் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மொழி அமைப்புகளில் 'லோகேல்' என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்வுசெய்தால் இந்தச் சிக்கல் தீரும்.

அடுத்தது நீளமான எண்கள். வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் காணாமல் போகும். 15 இலக்கங்களுக்கு மேல் போனால் கடைசி இலக்கங்களும் மாறிவிடும். எக்செல்லிலும் இதே கதைதான். எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடித்தால், அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு தொடாமல் விட்டுவிடும்.

வங்கி இணையதளத்திலிருந்து வரும் சிஎஸ்வி ஃபைலைத் திறக்கும்போது கால்க் ஒரு பெட்டியைக் காட்டி, சில கேள்விகள் கேட்கும். அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீர்கள். எழுத்து வகையில் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்வுசெய்தால், தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் கட்டங்களாகவும் கிறுக்கல்களாகவும் மாறாமல் வரும். கணக்கு எண் உள்ள பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுவதற்கும் அங்கேயே வழி உண்டு.

குறைகளும் உண்டு. எக்செல்லில் எழுதிய மேக்ரோக்கள் எல்லாம் இங்கே அப்படியே ஓடாது. அலுவலகத்தில் அவற்றை நம்பி வேலை செய்பவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு மாறுவது நல்லது. ஒரே தாளில் நான்கு பேர் நான்கு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால், கூகுள் ஷீட்ஸ் போன்றவைதான் வசதி. மெனுக்கள் இருக்கும் இடம் பழக சில நாட்கள் பிடிக்கும்.

ஓர் அரசாங்கமே இந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், சுமார் 30,000 அரசுக் கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. செலவைவிட, மக்களின் விவரங்களைக் கையாளும் கருவி தங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதையே அவர்கள் பெரிதாகச் சொன்னார்கள்.

சாவி நம் கைக்கு வந்தால் பொறுப்பும் கூடவே வரும். ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டு மறந்துவிட்டால், மீட்டுக்கொடுக்க எந்த கஸ்டமர் கேரும் இல்லை. லேப்டாப் கீழே விழுந்தால் கணக்கும் போய்விடும். எனவே, பென் டிரைவில் ஒரு காப்பி, நம்பிக்கையான இன்னொருவரிடம் ஒரு காப்பி என்று எப்போதும் வைத்திருங்கள்.

அந்தக் கூட்டத்தில் அம்மா அன்றைய வரவை நோட்டில் எழுதிக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். இரவு மகன் கால்க்கை நிறுவி, பழைய ஃபைலின் காப்பி ஒன்றை அதில் திறக்கிறான். இருவரும் செய்ய வேண்டிய முதல் வேலை, கூட்டுத்தொகைகளை நோட்டோடு ஒப்பிடுவது. உறுப்பினர் ஒவ்வொருவரின் சேமிப்பும் கடன் பாக்கியும் பைசா சுத்தமாகப் பொருந்தினால், அன்றைய வரவை ஏற்றிவிடலாம். ஒன்று பொருந்தாவிட்டாலும், அது ஏன் என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த எண். கணக்கு எழுதுபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.