புயல் வந்தா யார் வீட்டுக் கதவைத் தட்டுறது?

ஐப்பசி நெருங்குது. வானத்தைப் பார்த்தாலே எங்க வேதாரண்யம் பக்கத்துல இன்னும் பலருக்கு வயிறு கலங்கும். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா கரையேறினதை யாரும் மறக்கல. இருபது வருஷமா வளர்த்த தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில சாஞ்சு கிடந்துச்சு.

ஆனா நான் இன்னைக்கு எழுத வந்தது காத்தைப் பத்தி இல்லை. அதுக்கு அடுத்த நாளைப் பத்தி.

ரோட்டுல மரம், மரத்து மேல கரண்ட் கம்பி. மேல்நிலைத் தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லை, மோட்டார் ஓட கரண்ட் இல்லை. யார்கிட்ட போய்க் கேக்கறது? ஊராட்சித் தலைவரே கிடையாது! 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சது. அடுத்த தேர்தல் நடந்தது 2019 டிசம்பர்ல. நடுவுல மூணு வருஷம் தனி அலுவலர் ஆட்சி. அவருக்கு எங்க ஊர் மட்டுமா? ஒன்றியம் முழுக்க அவர்தான் பார்க்கணும். பாவம், அவரைக் குத்தம் சொல்லல. கடைசியில ஊர்ப் பசங்கதான் அரிவாளும் கோடாலியுமா ரோட்டைத் திறந்தாங்க. வீட்டுக்கு வீடு காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடிச்சோம்.

"தலைவர் இருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பார்?"னு சிலர் கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். கிழிக்காமலும் இருந்திருக்கலாம். ஆனா அவர் வீடு எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும். ராத்திரி பன்னெண்டு மணிக்கும் போய்க் கதவைத் தட்டலாம். எந்த வீட்டுல படுத்த படுக்கையா கிழவி இருக்கு, எந்தக் குடிசை தாங்காது, எந்த வாய்க்கால் அடைச்சா எந்தத் தெரு முங்கும்னு அவருக்குத் தெரியும். மாவட்டத் தலைநகர்ல உக்காந்திருக்கிற அதிகாரிக்கு இது எப்படித் தெரியும்?

2005-ல வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டமே உள்ளாட்சி அமைப்புகளுக்கு வேலை கொடுத்திருக்கு. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கணும், தேவையான சாமான்களை எப்பவும் தயாரா வச்சிருக்கணும்னு சொல்லுது. எத்தனை ஊராட்சியில மரம் அறுக்கிற மெஷின் இருக்கு? ஜெனரேட்டர் இருக்கு? உங்க ஊர்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்னு அரசியல் சாசனம் சொல்லுது. ஆனா 2025 ஜனவரி 5-ஆம் தேதி எங்க மாவட்டம் உட்பட 28 மாவட்டங்கள்ல பதவிக்காலம் முடிஞ்சப்ப நடந்தது என்ன? திரும்பவும் தனி அலுவலர்கள்! ஒரு தடவை பட்டும் அரசாங்கத்துக்குப் புத்தி வரல. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்குன்னு காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. புயல் இதுக்கெல்லாம் வாய்தா கொடுக்குமா?

நம்ம மேலயும் தப்பு இருக்கு. கிராமசபையில தெருவிளக்கு கேக்கறோம், ரோடு கேக்கறோம். மழைக்கு முன்னாடி வடிகால்ல ஆகாயத்தாமரையை எடுத்தாச்சான்னு எத்தனை பேர் கேட்டோம்? நானும் கேட்டதில்லை.

இந்த அக்டோபர் 2 கிராமசபையில கேக்கப் போறேன். ஜெனரேட்டர், மரம் அறுக்கிற மெஷின், தூர் வாரின வடிகால், தனியா இருக்கிற வயசானவங்க பட்டியல். இந்த நாலையும் தீர்மானமா எழுதச் சொல்லப் போறேன். தலைவர் நாற்காலி காலியா இருந்தாலும் தீர்மானப் புத்தகம் இருக்குல்ல? நீங்களும் உங்க ஊர்ல கேளுங்க. நிவாரணம் வாங்க வரிசையில நிக்கிறதை விட, முன்னாடியே சண்டை போடுறது மேல்.