ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பறவை பாருங்கள்

வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலோ பெங்களூரிலோ பஸ் ஏறி, சனிக்கிழமை காலை வால்பாறையிலோ தட்டேக்காட்டிலோ இறங்கி, ஞாயிறு மாலைக்குள் இருபது ‘லைஃபர்’, அதாவது வாழ்நாளில் முதல்முறை பார்க்கும் இருபது இனங்கள், கேமராவில் ஏறிவிட வேண்டும். இதற்குப் பறவை நோக்குதல் என்று பெயர். பறவை இருக்கிறது, சரி. நோக்குதல் எங்கே இருக்கிறது?

இரண்டு நாளில் இருபது இனங்களைக் காடு தானாகக் கொடுத்துவிடாது. அதனால்தான் ப்ளூடூத் ஸ்பீக்கர். அதில் ஒரு பறவையின் குரலை ஒலிக்கவிட்டால் அங்கே வாழும் ஆண் பறவைக்கு அது பாட்டு அல்ல, தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்ற செய்தி. இரையை விட்டு, குஞ்சை விட்டு, சண்டைக்கு வெளியே வருகிறது. எதிரியைக் காணோம். நமக்கு நொடிக்கு இருபது ஃப்ரேம். பத்து மணிக்கு அடுத்த குழு, அதே இடம், அதே ஸ்பீக்கர். சீசன் முழுக்க இல்லாத எதிரியோடு சண்டை போடும் பறவையின் படத்துக்கு நாம் ‘கம்பீரம்’ என்று தலைப்பு வைக்கிறோம். அது பதற்றம்ங்க.

குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வலசை வரும் ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூப்பிடுவதால்தான் அந்தப் பெயர். எப்போது போய் உட்கார வேண்டும் என்று பெயரிலேயே ஊர்க்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்கும் மதியம் இரண்டு மணிக்கு ஸ்பீக்கர் போடுகிறோம்.

கூட்டுப் படங்கள் இன்னும் மோசம். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய், அலகு நுழையும் இடைவெளி மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அதற்கும் பிறகு குஞ்சுக்கும் ஆண் கொண்டுவரும் பழம்தான் சோறு. மரத்தடியில் பத்து ட்ரைபாட் நின்றால் அந்த ஆண் தயங்கும். அது தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே பசி. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதையும் ‘வேட்டை’ என்பதற்கான வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

“படம் பார்த்தால்தானே சார் மக்களுக்கு விழிப்புணர்வு வரும்?” என்பார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. யாருடைய இன்ஸ்டாகிராமைப் பார்த்தும் அவர்கள் வெடியை விடவில்லை. அங்கே குழந்தைகள் வெடியை விட்டுக்கொடுக்கிறார்கள், நம்மால் ஒரு ஸ்பீக்கரை விட முடியவில்லை.

“கைடுதானே போடுகிறார், நாங்கள் என்ன செய்வது?” இதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் வாதம். புக் செய்யும்போதே “கேரண்டியா கிடைக்குமா?” என்று கேட்பது நாம். படம் கிடைத்தால் டிப்ஸ், இல்லையென்றால் ஒரு ஸ்டார் என்பதும் நாம். இதில் கூலிக்கு வருபவர் மேல் பழியைப் போடுவது என்ன நியாயம்? ஓர் இலை அசைவதை வைத்து உள்ளே இருப்பது என்ன பறவை என்று சொல்லும் அறிவு அவரிடம் இருக்கிறது. காசை அதற்குக் கொடுங்கள். “ஸ்பீக்கர் வேண்டாம்ணே, கூட்டுப் பக்கமும் வேண்டாம், கிடைச்சது போதும்” என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

படம் இல்லாமல் என்ன மிஞ்சும் என்பவர்களுக்கு மா. கிருஷ்ணனை ஞாபகப்படுத்தலாம். அ. மாதவையாவின் மகன். நல்ல புகைப்படக்காரரும்கூட. 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். பொறுமையாகப் பார்த்தவரிடம் 46 வருடம் எழுத விஷயம் இருந்திருக்கிறது. நம்மிடம் ஹார்ட் டிஸ்க் நிறையப் படம் இருக்கிறது, அந்தப் பறவை என்ன சாப்பிடும் என்று கேட்டால் கூகுள் செய்கிறோம்.

போன இடத்தில் பறவை வரவில்லையா? ஈபேர்டில் பார்த்ததை எல்லாம் விடாமல் பதிந்து முழுப் பட்டியலாகக் கொடுங்கள். அதில் இல்லாத பெயரும் ஆய்வாளர்களுக்குத் தகவல்தான். கொடுத்துவிட்டு, டீ குடித்து, பஸ் ஏறுங்கள்.