அந்தக் குழந்தையோட இன்னொரு அம்மாவுக்கு சட்டத்துல இடம் எங்கே?

தோழர்களே, ரெண்டு நிமிஷம் ஒதுக்கிப் படிச்சுட்டுப் போங்க.

நான் நம்ம ஐ.டி. விங்ல இருக்கேன். இன்ஜினியரிங் முடிச்சவன். போன ஜூன்ல எங்க வார்டுல ஸ்கூல் அட்மிஷனுக்கு ஆன்லைன் ஃபார்ம் நிரப்பிக் கொடுக்க டேபிள் போட்டிருந்தோம். ரெண்டு பெண்கள் ஏழு வயசுப் பொண்ணோட வந்தாங்க. ஒருத்தங்க தனிப் பெண்ணா முறைப்படி தத்தெடுத்த குழந்தை. 'தந்தை பெயர்' கட்டத்துல சிவப்பு நட்சத்திரம். காலியா விட்டா அடுத்த பக்கம் திறக்கல. நான் முழிச்சுட்டு இருந்தப்போ அந்தப் பொண்ணே சொல்லுச்சு: "அண்ணா, அங்க பெரியம்மா பேரைப் போடுங்க."

வீட்டுல ரெண்டு பேரையும் அம்மான்னுதான் கூப்பிடுவாளாம். வெளியில வந்தா மட்டும் ஒருத்தங்க பெரியம்மா ஆயிடுவாங்களாம். ஏழு வயசுல எதை மறைக்கணும்னு கத்துக்கிட்டிருக்கா.

சட்டம் என்ன சொல்லுது?

2018 செப்டம்பர் 6: தன்பாலின உறவு குற்றமில்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. ஆனா 2023 அக்டோபர் 17-ல, அந்தத் திருமணத்தை அங்கீகரிப்பது நாடாளுமன்றத்தோட வேலைன்னு சொல்லிடுச்சு. சேர்ந்து தத்தெடுக்கும் உரிமையும் 3-க்கு 2 என்ற கணக்குல கிடைக்காமப் போச்சு. தத்தெடுப்பு விதிப்படி தம்பதின்னா 2 வருஷத் திருமண வாழ்க்கை காட்டணும். திருமணமே பதிவாகாதவங்க எதைக் காட்டுவாங்க? அதனால ஒருத்தர் மட்டும் 'தனிநபரா' தத்தெடுக்கிறாங்க. தனி ஆணா இருந்தா பெண் குழந்தையைத் தத்தெடுக்கவே முடியாது. 2021 வாடகைத்தாய் சட்டத்துலயும் இவங்களுக்கு வழியில்ல.

விளைவு? கூடவே வளர்க்கிற இன்னொருத்தர் சட்டப்படி வெறும் ஆள். தத்தெடுத்த அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தக் குழந்தையை வச்சுக்க அவங்க கோர்ட் படி ஏறணும்.

இன்னைக்குக் கையில இருக்கிறது என்ன? தெரிஞ்சவங்களுக்குச் சொல்லுங்க:

1. தன்பாலின இணையரை ஒரே குடும்பமா ரேஷன் கார்டுல சேர்க்கணும், ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கத் தடையில்லன்னு ஒன்றிய அரசே 2024-ல தெளிவுபடுத்தியிருக்கு.
2. குழந்தைக்குக் காப்பாளர் யார்னு உயில்ல எழுதி வைக்கலாம். வக்கீலைப் பார்த்து இப்பவே செய்யச் சொல்லுங்க.
3. பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாதுன்னு தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகள்லயே 2022-ல சேர்த்தாச்சு.
4. குடும்பம் அமைய திருமணம் மட்டுமே வழியில்லன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாசம் சொல்லியிருக்கு. அடுத்த மாசமே கேரள உயர் நீதிமன்றம், கோழிக்கோட்டுல ஒரு திருநர் இணையரோட குழந்தைக்கு, அப்பா-அம்மான்னு பிரிக்காம 'பெற்றோர்'னு போட்டுப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கச் சொல்லுச்சு.

"இதெல்லாம் நம்ம கலாச்சாரமா"ன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாதுன்னு 1950-கள்ல இதே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. அந்த வீட்டுப் பிள்ளைகளோட வாரிசுரிமையே கேள்விக்குறி ஆச்சு. 1967-ல அண்ணா ஆட்சி சட்டம் போட்டு, ஏற்கெனவே நடந்த திருமணங்களையும் சேர்த்து செல்லும்னு ஆக்குச்சு. பெத்தவங்க கல்யாணத்தைச் சட்டம் ஏத்துக்கலைன்னா அடி பிள்ளை மேல விழும்னு தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

தத்தெடுப்பு விதியை மாத்த வேண்டியது டெல்லி. ஃபார்மை மாத்த இங்கேயே முடியும். 'பெற்றோர் / காப்பாளர்'னு ரெண்டு கட்டம் போதும். கோடிங் தெரிஞ்சவனா சொல்றேன், இது ஒரு மதிய வேலை.

கடைசியா, நமக்குள்ள ஒரு பேச்சு. நம்ம குரூப்லயே இவங்களைக் கிண்டலடிச்சு மீம் வருது. எதிர்க்கட்சிக்காரனைத் திட்டக்கூட இவங்களை வசவா இழுக்கிறோம். சமூகநீதின்னு பயோல போட்டுக்கிட்டு இதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அந்தப் பொண்ணு இன்னும் சில வருஷத்துல போன் வாங்கும். நம்ம பேஜையும் படிக்கும்.

#பெற்றோர்னாபெற்றோர்தான்
#சமூகநீதி