டப்பாவின் முதுகைப் பாருங்கள்



ஆனி பிறந்தாலே நம் ஊரில் காற்று ஆரம்பித்துவிடும். குற்றாலத்துக்குச் சாரல், சுரண்டைக்கு வெறும் காற்று. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தால் கண், காது எல்லாம் மண்ணுதான். காற்றாலை நன்றாகச் சுற்றும், நம் முகம் வறண்டு போகும். கன்னம் சாம்பல் பூத்த மாதிரி ஆகி, வாய் ஓரம் வெடித்துவிடும். எனக்கு இந்த வருஷம் ரொம்ப மோசம். “ஏட்டி, முகத்துல சுண்ணாம்பு அடிச்சிட்டு வந்தியா?” என்று நம் வகுப்பிலேயே ஒருத்தி கேட்டாள். யார் என்று எழுத மாட்டேன். அவளும் இதைப் படிப்பாள்.

அதனால்தான் க்ரீம் வாங்கினேன். ஆச்சி பீடி சுற்றிச் சேர்த்த காசில் கொடுத்தது. கடையில் இருந்ததில் ஒரு பச்சை டப்பாவை எடுத்தேன். மேலே கற்றாழைப் படம், பக்கத்தில் சந்தனக் கட்டை, “100% இயற்கை” என்று பெரிய எழுத்து. அதன் கீழே “ஏழே நாளில் சிவப்பழகு” என்று இருந்தது. நான் வறட்சிக்குத்தான் தேடிப் போனேன். ஆனால் அந்த இரண்டாவது வரியைப் படித்ததும் அதற்கும் ஆசை வந்துவிட்டது. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

ஐந்தாம் நாள் முகம் கொஞ்சம் வெளுத்தது. “என்னட்டி போடுத?” என்று நாலு பேர் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாம் நாள் அரிப்பு எடுத்தது. பத்தாம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து தோல் உரிந்தது. இதுவா சிவப்பழகு என்று அம்மா திட்டினாள், பிறகு அவளே அழுதாள்.

டப்பாவை அறிவியல் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் படத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பி முதுகைப் பார்த்தார்கள். செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, உரிம எண் இல்லை, தயாரிப்பு எண் இல்லை, எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்று இல்லை. என்னென்ன சேர்த்தார்கள் என்ற பட்டியலும் இல்லை. “உங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடப் பேர் வச்சிருப்பீங்க, இதுக்கு அப்பன் பேரும் இல்ல ஊர் பேரும் இல்ல. இதை எப்படிம்மா முகத்துல போட்ட?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

டீச்சர் அன்றைக்குச் சொன்ன விஷயத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை அங்கே ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்திருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகிப் போகிற நோய் அது. அதில் 15 பேருக்கு, சாதாரணமாக அதிகம் பார்க்க முடியாத ஒரே மாதிரியான பாதிப்பு இருந்தது. டாக்டர்கள் விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் போட்டவர்கள். காரணம் க்ரீமில் இருந்த பாதரசம். அங்கே வந்தவர்களில் 14 வயதுப் பெண் ஒருத்தியும் உண்டு. என் வயது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிட்டது, ஒருவருக்கு மட்டும் மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது. இது சிறுநீரகம் பற்றிய மருத்துவ இதழிலேயே கட்டுரையாக வந்தது. 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டு இப்படிப்பட்ட க்ரீம்களைப் பிடித்தது. செங்கோட்டை தாண்டினால் கேரளா. பலாப்பழம் வருகிற வழியில் டப்பாவும் வரும்.

பாதரசம் என்ன செய்கிறது என்றால், நம் தோலில் மெலனின் என்ற கருமைப் பொருள் உண்டாவதைத் தடுக்கிறது. அதனால்தான் சீக்கிரம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும், நரம்பையும் கெடுக்கும். கர்ப்பமாக இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 2001-ல் மூடியது இந்தப் பாதரசக் கழிவு பிரச்சினையால்தான். நம் நாட்டில் 2020-ல் வந்த அழகுப் பொருள் விதிப்படி பாதரசம் சேர்த்து க்ரீம் செய்யவே கூடாது. தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

“இயற்கைன்னு போட்டிருந்துச்சே டீச்சர்” என்றேன். “பாதரசமும் இயற்கைதான், பாறையில இருந்துதான் வெட்டி எடுக்காங்க” என்றார்கள். நான் அதை யோசித்துப் பார்த்தேன். சேராங்கொட்டை இயற்கைதான், பட்டால் கொப்புளம். எருக்கம்பால் இயற்கைதான், கண்ணில் பட்டால் அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் புண்ணாகிக் கறுப்புத் தழும்பு விழும். இதை நம்மில் பாதிப் பேர் செய்கிறோம். கற்றாழையில்கூட வெட்டினதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவாமல் பூசினால் அரிக்கும். இன்னொரு பக்கம் வாசலின் இருக்கிறது. அது பெட்ரோலிய எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்தது, 1872-ல் ராபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கினார். பெட்ரோலியமா என்று முகம் சுளிப்போம். ஆனால் நன்றாகச் சுத்திகரித்த வாசலின் பச்சைப் பிள்ளைக்குக்கூடப் போடுகிறார்கள். அதனால் “இயற்கை” என்ற ஒரு வார்த்தையை வைத்து எதையும் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

வேறு எதைப் பார்ப்பது? முதுகைத்தான். ஒழுங்கான க்ரீமில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அது முதலில் வரும், குறையக் குறையப் பின்னால் வரும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றைக் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். முதல் பெயர் பெரும்பாலும் ‘அக்வா’. பயந்துவிடாதீர்கள், அது தண்ணீர். ‘கோகஸ் நியூசிஃபெரா’ என்று இருந்தால் நம் தேங்காய். ‘குர்குமா லாங்கா’ மஞ்சள், ‘அலோ பார்படென்சிஸ்’ கற்றாழை, ‘டோகோஃபெரால்’ வைட்டமின் ஈ. இருசொற்பெயரைப் படித்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன், இதற்குத்தான் போல. என் அத்தை வைத்திருக்கும் ஒரு க்ரீமில் முன்னால் மஞ்சள் படம் பெரிதாக இருக்கிறது. பின்னால் பார்த்தால் மஞ்சள் பட்டியலின் கடைசிப் பக்கம், வாசனைப் பொருளுக்கு அடுத்து. படம் போட்ட அளவுக்கு மஞ்சள் போடவில்லை!

எனக்கு ஒரு கோபம் உண்டு. முன்பக்கம் ஆசை காட்டுவது தமிழில், பெரிய எழுத்தில். பின்பக்கம் உண்மை சொல்வது ஆங்கிலத்தில், எறும்பு மாதிரி எழுத்தில். ஆச்சி எப்படிப் படிப்பாள்? பட்டியலையும் எச்சரிக்கையையும் தமிழில் போட வேண்டும் என்று சட்டமே போட வேண்டும்.

சரி, காற்றுக் காலத்தில் முகத்துக்கு என்னதான் போடுவது? தோலில் இருக்கிற தண்ணீர் காற்றில் போய்விடுகிறது, அதைப் போகவிடாமல் மூடி வைக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். முகம் கழுவி, துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே துளி வாசலின் அல்லது இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். ஆச்சி இதைத்தான் காலம் காலமாகச் செய்கிறாள். பீடி இலை பிடித்துப் பிடித்து அவள் விரல் வறண்டிருக்கும், ராத்திரி எண்ணெய் தேய்த்துத்தான் படுப்பாள். கிளிசரின் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், பட்டியலில் முன்னால் இருந்தால் நல்லது. பரு இருக்கிறவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துவாரம் அடைத்து இன்னும் பரு வரும். வீட்டில் அரைத்த கற்றாழையை அன்றன்றைக்கே உபயோகிக்க வேண்டும். அதில் கெடாமல் இருக்க எதுவும் சேர்க்கவில்லையே, பூஞ்சை பிடித்துவிடும்.

இதெல்லாம் வறட்சிக்கு. கறுப்புக்கு மருந்து கிடையாது, ஏனென்றால் கறுப்பு நோய் இல்லை. வெயிலில் நிற்கிற நமக்கு மெலனின் ஒரு குடை. 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ க்ரீமே 2020-ல் ‘ஃபேர்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆகிவிட்டது. ஆனால் நம் தெருவில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். பெயரை மாற்றுவது சுலபம் போலிருக்கிறது.

என் பெரியம்மா மகள் அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம். பார்க்க வந்த வீட்டில் “பிள்ளை கொஞ்சம் நிறம் கம்மி” என்றார்களாம். அன்றிலிருந்து அக்கா ஒரு க்ரீம் போடுகிறாள். அந்த டப்பாவில் ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது, தங்கம் வெள்ளி நகையில் படாமல் தடவவும் என்று. டீச்சரிடம் சொன்னதும் டீச்சர் முகம் மாறிவிட்டது. பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், நகை வெளுத்துவிடும், அப்படி எச்சரிக்கை இருந்தாலே பாதரசம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும் என்றார்கள். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “கல்யாணம் வரைக்கும்தானட்டி, பொறவு விட்டுருதேன்” என்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் குழந்தை பிறக்குமே, அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டீச்சரே பெரியம்மா வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லித்தான் வருகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்தால் ஒரு மாசம் பேச மாட்டாள். பரவாயில்லை.

உங்கள் வீட்டில் இருக்கும் க்ரீம், பவுடர், சோப்பு எதுவானாலும் அட்டையையோ காலி டப்பாவையோ வெள்ளிக்கிழமை மதியம் கொண்டு வாருங்கள். டீச்சர் துணையோடு பட்டியலைப் படித்து, தமிழ்ப் பெயரை அடுத்த இதழில் இதே பலகையில் எழுதப் போகிறோம். பட்டியலே இல்லாத டப்பா இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள், அதற்குத் தனி மூலை ஒதுக்கியிருக்கிறேன். முதலில் என் பச்சை டப்பாதான் அங்கே இருக்கும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி