உரிய நேரத்தில் வரும் பணம்

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா மாவட்டத்தில் 653 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் ஏறத்தாழப் பாதியில் 10,500க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் தலா 1,000 டாலர் அளவில் நேரடியாகப் பணம் கொடுத்தது. புல் வேய்ந்த வீட்டில் வசிக்கும் குடும்பம் என்றால் தகுதி உண்டு. பணம் செல்பேசிக் கணக்குக்கே வந்துவிடும். எதற்குச் செலவழித்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்தக் கிராமத்துக்குத் தருவது என்பது குலுக்கல் முறையில் முடிவானதால், பணம் கிடைத்த ஊரையும் கிடைக்காத ஊரையும் நம்பகமாக ஒப்பிட முடிந்தது. அப்படி ஒப்பிட்டவர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு, பணம் பெற்ற குடும்பங்களில் ஒரு வயதுக்குள் குழந்தை இறப்பது 48 சதவீதம் குறைந்திருந்தது என்கிறது. ஐந்து வயதுக்குள் என்று எடுத்துக்கொண்டால் 45 சதவீதம். தடுப்பூசி போடாத, மருந்து தராத, சத்துமாவு வழங்காத ஒரு திட்டத்தின் விளைவு இது.

எப்படி நடந்தது? பேறுகாலத்தை ஒட்டிய மாதங்களைப் பார்த்தால் புரியும். கூலிக்கும் சொந்த வயலுக்குமாக உழைக்கும் குடும்பத்தில் நிறைமாத கர்ப்பிணியும் குனிந்து மண்ணைக் கொத்துகிறாள், தண்ணீர் சுமக்கிறாள். அவள் ஒரு வாரம் படுத்தால் அந்த வார வருமானத்தில் ஓட்டை விழும். பிரசவ வலி கண்டால் மருத்துவமனைக்குப் போக வண்டிக்கூலி வேண்டும். அங்கே செலவுக்குக் கையில் நாலு காசு வேண்டும். இல்லாதபோது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. பணம் வந்த வீடுகளில் பெண்கள் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களில் கணிசமாகக் குறைவாக உழைத்தார்கள். மருத்துவமனைப் பிரசவங்கள் கூடின. பணம் வாங்கித் தந்தது ஓய்வையும் ஒரு பயணத்தையும்தான். நேரடிப் பண உதவியைப் பற்றி நாம் பேசும்போது தொகை எவ்வளவு என்பதிலேயே நின்றுவிடுகிறோம். அது குடும்பத்தின் எந்த நேரத்தில் கைக்கு வந்தது என்பதே விளைவை முடிவுசெய்கிறது என்பது என் வாதம்.

இதே சியாயாவின் ராரியேடா பகுதியில் யோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபர், ஜெரமி ஷபிரோ இருவரும் முன்னதாகச் செய்த ஆய்விலும் இது தெரிகிறது. மாதாமாதம் பணம் பெற்றவர்கள் அதைப் பெரிதும் சாப்பாட்டுக்குச் செலவிட்டார்கள். மொத்தமாகப் பெற்றவர்கள் ஆடு மாடு, வீட்டுச் சாமான் என நின்று பயன்தரும் பொருள்களை வாங்கினார்கள். பலர் முதலில் கைவைத்தது கூரையில். புல்கூரையை அடிக்கடி பிரித்து வேய வேண்டும். ஒவ்வொரு முறையும் புல்லுக்குச் செலவு, ஆளுக்குச் செலவு. மழைக்காலத்தில் ஒழுகும், தானியம் நனையும், பாயைச் சுருட்டிக்கொண்டு ஒழுகாத மூலையைத் தேட வேண்டும். தகரக் கூரை போட்டால் இந்தச் செலவு ஆண்டுக்கணக்கில் இல்லை, கூரையில் விழும் மழைநீரையும் பிடித்துவைக்கலாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தகரம்தான் மலிவு என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் புல்லையே வேய்ந்தார்கள், ஏனென்றால் தகரத்துக்கான முழுத்தொகை ஒரே நேரத்தில் கையில் இருந்ததே இல்லை. ஏழைகளுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் இந்தக் கூரையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பணத்தைக் கையில் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள் என்ற அச்சம் நம்மூரிலும் உண்டு. டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா இருவரும் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடியதற்குச் சான்று இல்லை. அடுத்தது, சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது. அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகராகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளின் திட்டங்களை ஆராய்ந்தார்கள். பணம் பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கென்யாவில் மாதம் 22 டாலர் அளவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தருவதாக உறுதி கொடுத்த இன்னொரு பரிசோதனை நடக்கிறது. அங்கே சிலர் கூலி வேலையை விட்டுச் சொந்தமாகச் சிறு தொழில் தொடங்கினார்கள். பலர் மாதத் தொகையைச் சீட்டில் போட்டு, முறை வரும்போது மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். சிறுகச் சிறுக வருவதை மொத்தப் பணமாக்கும் அந்த வித்தை நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதல்ல. எங்காவது உழைப்பு குறைந்ததாகக் கணக்கு வந்தால் யாருடைய உழைப்பு, எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும். சியாயாவில் குறைந்த உழைப்பு கர்ப்பிணிகளுடையது. குழந்தைகள் பிழைத்ததில் அந்த ஓய்வுக்கும் பங்கு உண்டு.

ஊருக்குள் இவ்வளவு பணத்தைக் கொட்டினால் விலைவாசி ஏறாதா என்பது நியாயமான கேள்வி. சியாயாவில் உச்சத்தில் அந்தத் தொகை உள்ளூர்ப் பொருளாதாரத்தில் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஆனாலும் விலை ஏறக்குறைய அசையவில்லை. கிராமத்து மாவு மில்லிலும் பெட்டிக்கடையிலும் தட்டுப்பாடாக இருந்தது வாடிக்கையாளர்கள்தான். சும்மா நின்ற நேரம் விற்பனையாக மாறியது. ஒரு டாலர் கொடுத்தால் உள்ளூரில் இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரம் விரிந்தது என்று எட்வர்ட் மிகேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பணம் பெறாத வீடுகளும் பலனடைந்தன. ஆனால் ராரியேடாவில் ஒரு கசப்பும் பதிவாகியிருக்கிறது. அக்கம்பக்கத்தார் பணம் பெற்றதைப் பார்த்தவர்களின் மனநிறைவு குறைந்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டை எடுத்து மறு வீட்டை விட்டால் வரும் புண் இது. இதை அற்பமாக ஒதுக்க எனக்கு மனமில்லை. தகுதிக் கோட்டை எங்கே போடுவது என்று வகுப்பவர்கள் முதலிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம்.

எல்லா எதிர்வாதங்களிலும் கனமானது வேறொன்று. இந்தப் பணத்தில் மருத்துவமனை கட்டலாமே, செவிலியரை நியமிக்கலாமே என்பது. சியாயாவின் தரவு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அருகில் இருந்த குடும்பங்களில்தான் குழந்தை இறப்பு மிக அதிகமாகக் குறைந்தது. மருத்துவர் இல்லாத ஊரில் வண்டிக்கூலி இருந்தும் போக இடமில்லை. வண்டிக்கூலி இல்லாதவளுக்கு அருகிலுள்ள மருத்துவமனையும் தொலைவுதான். ஆகவே ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்டும் அரசு இரண்டின் பலனையும் இழக்கும். இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. பணம் நின்ற பிறகு பிறந்த குழந்தைகளில் இறப்பு விகிதம் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. தகரக் கூரை ஆண்டுக்கணக்கில் நிற்கும். அடுத்த பிரசவத்துக்கான ஓய்வை இப்போதே வாங்கி வைக்க முடியாது. அது ஒவ்வொரு முறையும் அந்தந்த மாதத்தில் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தொடங்கியபோது, இலவசமா உரிமையா என்றே வாதம் ஓடியது. அதைவிடச் சியாயாவுக்கு நெருக்கமானது நம்மிடம் நெடுங்காலமாக உள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2018 முதல் அதன் மதிப்பு 18,000 ரூபாய். அதில் ரொக்கம் 14,000, தவணைகளாகவும் நிபந்தனைகளோடும் வருகிறது. நம் மாநிலத்தில் மருத்துவமனைப் பிரசவம் ஏற்கெனவே வழக்கமாகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அதாவது சியாயாவில் பலருக்கு இல்லாத பாதி நம்மிடம் இருக்கிறது. மீதிப் பாதி, நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருக்கும் பெண் ஏழாம் மாதத்தில் வேலையை நிறுத்த முடிகிறதா என்பது. பிரசவத்துக்கு முந்தைய தவணை எத்தனை பேருக்கு ஏழாம் மாதம் முடிவதற்குள் வங்கிக் கணக்கில் ஏறியது என்று சுகாதாரத் துறை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆவணத்தில் ஒரு எழுத்துப் பிழை, கணக்கு இணைப்பில் ஒரு கோளாறு என்று குழந்தை பிறந்த பின் வரும் பணம் கடனை அடைக்க உதவும். அவள் குனிந்து களையெடுத்த எட்டாம் மாதத்துக்கு உதவாது.