பிரசவ அறுவையும் அழகு அறுவையும்

ஒரு பயணத்தில் இரு காரியங்களை முடித்துக்கொள்வது சிக்கனம் என்பது குடும்பம் நடத்தும் எவரும் அறிந்த உண்மை. கடைவீதிக்குச் செல்பவர் அஞ்சலகத்திற்கும் போய் வருகிறார். இதே நியாயத்தைப் பிரசவத்திற்கும் பொருத்தி, "குழந்தையை எடுக்க எப்படியும் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள், தொங்கும் தோலையும் கொழுப்பையும் அப்போதே நீக்கி, வயிற்றை இறுக்கித் தைத்துவிடலாகாதா?" என்று கேட்கும் தாய்மார்கள் இன்று உளர். பிரசவத்திற்குப் பின் உடலைச் சீராக்கும் அழகு அறுவைகளைப் பற்றிய விளம்பரங்கள் நகரங்களில் பெருகியுள்ளன. கைபேசி வழியே அவை மலைக்கிராமங்களையும் எட்டுகின்றன.

இக்கேள்வி பரிகசிக்கத் தக்கதன்று. தன் உடல் பழைய வடிவை அடைய வேண்டும் என்று ஒரு தாய் விரும்புவதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும், இவ்விரு அறுவைகளையும் ஒரே வேளையில் செய்வது தகாது. அதற்கான காரணங்களை ஊழியர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருப்பது அவசியம். "டாக்டர் வேண்டாம் என்றார்" என்ற ஒற்றை வரி ஒருவருக்கும் திருப்தி அளிப்பதில்லை. காரணம் கூறும் பதிலே மனத்தில் நிற்கும்.

கேள்வி எத்தனை பேரைச் சார்ந்தது என்பதை முதலில் நோக்குவோர் வியப்படைவர். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் நிகழ்ந்த பிரசவங்களுள் 21.5 சதவிகிதம் சிசேரியன் முறையில் நிகழ்ந்தவை. கேரளத்தில் அது 38.9 சதவிகிதம், தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதம். ஆகவே பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும், இடுக்கியின் மூணாறு, பீர்மேடு, குமுளிப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிசேரியன் புதிய செய்தியன்று. ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் அதைக் கண்டவர் ஒருவர் இருப்பார்.

இரு அறுவைகளும் அடிவயிற்றில் செய்யப்படுவதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. சிசேரியனில் இன்று பெரிதும் கையாளப்படும், அடிவயிற்றின் குறுக்கே அமையும் கீறலை ஜெர்மானிய மருத்துவர் பானென்ஸ்டீல் 1900ஆம் ஆண்டில் விவரித்தார். அதற்கு ஓராண்டு முன்னர், 1899இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி என்னும் மகளிர் மருத்துவர் தொங்கும் வயிற்றுக் கொழுப்பை வெட்டி நீக்கிய அறுவையை வெளியிட்டார். காலமும் இடமும் நெருங்கியிருந்தபோதிலும் இவ்விரு அறுவைகளின் தன்மை வேறு. சிசேரியனின் வெளிக்காயம் சிறியது. குழந்தை வெளிவரப் போதுமான அளவே கீறப்படுகிறது. வயிற்றுச் சீரமைப்பிலோ, இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறி, தோலையும் கொழுப்பையும் தசையினின்று பிரித்து விலா எலும்பின் விளிம்பு வரை உயர்த்துகிறார்கள். விலகிய தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, மிகுந்த தோலை வெட்டி, தொப்புளுக்குப் புதிய இடம் அமைக்கிறார்கள். தைத்த பின் உள்ளே சேரும் நீரை வடிக்கப் பல வேளைகளில் குழாய்களும் வைக்க நேரும். முன்னதன் காயத்தோடு பின்னதன் காயத்தைச் சேர்ப்பது, சிறு கிணற்றின் அருகே பெருங்குளம் வெட்டுவதை ஒக்கும்.

முதற்காரணம் அளவு பற்றியது. குழந்தை பிறந்தவுடன் கருப்பை தொப்புள் அளவில் நிற்கிறது. எடை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். அது சுருங்கி முந்திய அளவை அடைய ஆறு வாரங்கள் வேண்டும். தோலும் கர்ப்ப காலத்து நீரால் ஊதியிருக்கும். தசைகள் ஒன்பது மாதம் விரிந்து தளர்ந்திருக்கும். எவ்வளவு தோலை வெட்டுவது, எவ்வளவு இறுக்குவது என்பதை அந்நாளில் எந்தக் கைதேர்ந்த நிபுணராலும் சரியாக மதிப்பிட இயலாது. மழையில் நனைந்து நீண்ட துணியை அளந்து சட்டை தைத்தால், உலர்ந்த பின் அது பொருந்தாது. மேலும், பெரிதாக உள்ள கருப்பையின்மீது தசைகளை இறுக்கித் தைத்தால் வயிற்றினுள் அழுத்தம் மிகும். மூச்சு விடுவதும் சிரமமாகும்.

இரண்டாவது காரணம் இரத்தம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் 500 மில்லி லிட்டருக்குக் குறையாத இரத்தம் பாய்கிறது. ஆகையால்தான் பிரசவத்தில் ஏற்படும் பெரும்போக்கு சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாக மாறுகிறது. சிசேரியனில் இயல்பாகவே சுகப்பிரசவத்தைவிட அதிக இரத்தம் வெளியேறும். அதன்மேல் பரந்த வேறொரு காயத்தை உண்டாக்குவது, செலவு மிகுந்த நாளிலேயே சேமிப்பையும் எடுத்துச் செலவிடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது காரணத்தைப் பிரசவ விடுதியில் பணி புரியும் செவிலியர் உடனே உணர்வர். பிரசவத்திற்குப் பின் முதற்சில மணி நேரம் அவர்கள் அடிக்கடி தாயின் வயிற்றின்மேல் கை வைத்துப் பார்க்கிறார்கள். கருப்பை பந்துபோல் இறுகியிருந்தால் நன்று. மெத்தென்று தளர்ந்திருந்தால் உள்ளே இரத்தம் பெருகக்கூடும். அவர்கள் அதைத் தேய்த்துச் சுருங்கச் செய்து, மருந்தும் கொடுக்கிறார்கள். விலா வரை பிரித்துத் தைத்து இறுக்கிக் கட்டிய வயிற்றில் இந்த எளிய பரிசோதனை மிகவும் கடினமாகிவிடுகிறது. உயிர் காக்கும் கைக்கு அங்கே வழியடைபடுகிறது.

நான்காவது, கட்டியும் சீழும் பற்றியது. கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் இயல்பு மிகுகிறது. பிரசவத்திற்குப் பின் ஆறு வாரங்களில் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும் அபாயம் மிகவும் அதிகம். வயிற்றுச் சீரமைப்பும் அத்தகைய அபாயம் உடைய அறுவையே. வலியால் தாய் எழுந்து நடக்கத் தயங்கினால் இரண்டும் கூடி வளரும். நீண்ட நேரம் வலி எடுத்து, பனிக்குடம் உடைந்த பின் செய்யும் சிசேரியனில் கிருமிகள் வர வாய்ப்புண்டு. அவை அகன்ற காயத்தில் பரவினால் தோலின் ஒரு பகுதியே அழுகிவிடக்கூடும். 2011இல் அழகு அறுவை பற்றிய பன்னாட்டு மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வும், இவ்விரண்டையும் சேர்த்துச் செய்வதால் சிக்கல்கள் மிகுவதையும் பலன் திருப்தியற்றதாக இருப்பதையும் கண்டு, இம்முறையைப் பரிந்துரைக்கவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். சிசேரியனோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யப்படுகிறதே, அது மட்டும் எப்படித் தகும் என்று கேட்கலாம். வேறுபாடு தெளிவானது. கருக்குழாய்கள் திறந்த காயத்திலேயே எதிர்ப்படுகின்றன. புதிய கீறல் வேண்டா. சில நிமிடங்களில் முடிந்துவிடும். தாய் இரண்டாம் முறை மயக்க மருந்துக்கு ஆளாக வேண்டியதில்லை. சேர்த்துச் செய்வதால் அபாயம் பெரிதும் கூடாமல் நன்மை கூடும் இடத்தில் சேர்ப்பது அறிவுடைமை. அபாயம் பன்மடங்காகி, நன்மை காத்திருந்தாலும் கிடைக்கும் இடத்தில் சேர்ப்பது அவசரம்.

இரண்டாவது ஆட்சேபம் ஏழைக் குடும்பங்களினுடையது. தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரு முறை ஓய்வும் இரு முறை செலவும் எளிதல்ல. இது நியாயமான கவலை. ஆனால் சேர்த்துச் செய்து காயம் ஆறாவிட்டால் இழக்கும் நாட்கள் அதனினும் அதிகம். சட்டம் அளிக்கும் அவகாசத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2017இல் மகப்பேறு விடுப்பு, இரு குழந்தைகள் வரை, 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. 26 வாரம் என்பது ஏறக்குறைய ஆறு மாதம். விலகிய வயிற்றுத் தசைகள் பலருக்குத் தாமாகவே நெருங்குவதற்கும், தோல் ஓரளவு சுருங்குவதற்கும் ஆகும் காலமும் அதுவே. பலருக்கு அக்காலம் கழிந்த பின் அறுவையே தேவைப்படுவதில்லை. எஞ்சியவர்க்கும், ஆறு மாதமேனும் கழிந்து, பால்குடி மறந்து, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்த பின் அறுவை செய்வதே நிபுணர்கள் கூறும் முறை. அடுத்த கர்ப்பம் வந்தால் இறுக்கிய வயிறு மறுபடியும் விரியும், செலவு வீணாகும்.

எல்லைப்புறத்தில் இந்த எச்சரிக்கைக்கு மேலும் பொருளுண்டு. அதே தேசிய ஆய்வில் கேரளக் கர்ப்பிணிகளுள் 31.4 சதவிகிதத்தினரும், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளுள் 48.3 சதவிகிதத்தினரும் இரத்தசோகை உடையோராகக் காணப்பட்டனர். பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். 2013இல் அங்கு நேர்ந்த குழந்தை மரணங்கள், தாய்மாரின் போஷாக்கின்மையை நாடறியச் செய்தன. அரிவாள் உயிரணுச் சோகையும் அங்குக் காணப்படுகிறது. இந்நோய் உடையோருக்குக் குளிர், நீர்வற்றல், பிராணவாயுக் குறைவு ஆகியவை கடும் வலியையும் ஆபத்தையும் உண்டாக்கும். அறுவை நீள நீள இம்மூன்றும் நெருங்கும். இடுக்கியில் 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடியில், முதுவர் குடிகளிலிருந்து நோயாளிகளை நெடுங்காலம் காட்டுவழியே சுமந்தே கொண்டுவந்தனர். இத்தகைய இடங்களுக்குத் திரும்பும் ஒரு தாய்க்குப் பத்தாம் நாள் காயம் பிரிந்தால், உதவி கிட்டும் முன் எத்தனை மணி நேரம் கழியும் என்பதை நகரத்து விளம்பரம் கணக்கிடுவதில்லை.

கேரளத்தில் 2018-20ஆம் ஆண்டுகளில் பேறுகால மரணம் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 19; இந்திய சராசரி 97. இந்நிலை தானாக வந்ததன்று. 2004 முதல் அம்மாநில மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு ஒவ்வொரு பேறுகால மரணத்தின் காரணத்தையும் இரகசியமாக ஆராய்ந்து, இரத்தப்போக்கைத் தடுக்கும் வழிகளை மருத்துவமனைகளில் பரப்பியது. அரிதில் சேர்த்த இந்த நன்மையை அலங்காரத்தின் பொருட்டுப் பணயம் வைப்பது முறையன்று.

சம்மதம் என்னும் பொருளையும் மறத்தலாகாது. வலியில் தவிக்கும் பெண்ணிடமோ, மேசைமீது மயக்கத்தில் கிடப்பவளின் கணவரிடமோ மாமியாரிடமோ கேட்டுப் பெறும் ஒப்புதல் ஒப்புதலாகாது. சமீரா கோஹ்லி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்கென மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை, அவருடைய தாயிடம் மட்டும் கேட்டு அகற்றியது செல்லாது என்று அது தீர்ப்பளித்தது. உயிரைக் காக்க உடனே வேண்டிய சிகிச்சை தவிர, ஓர் அறுவைக்குத் தந்த சம்மதம் மற்றோர் அறுவைக்குப் பொருந்தாது. அழகு அறுவை ஒருபோதும் உடனே வேண்டிய சிகிச்சை அன்று.

கள ஊழியர்கள் செய்யத்தக்கவை பல உண்டு. பிரசவத்திற்குப் பின் வீடு செல்லும்போது குழந்தையை எடை பார்ப்பதோடு நில்லாமல் தாயின் வயிற்றைப் பற்றியும் கேட்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைகளைப் பிரசவத்திற்குப் பின்னும் 180 நாட்கள் உட்கொள்ளச் செய்ய வேண்டும். சிசேரியன் ஆனவர் ஆறு வாரம் கனமான குடமோ விறகுச் சுமையோ தூக்கலாகாது. ஆனால் மெல்ல நடப்பதும், ஆழ்ந்து மூச்சு விட்டு வயிற்றை உள்ளிழுக்கும் பயிற்சியும் மருத்துவர் அனுமதியோடு தொடங்கலாம். வயிற்றில் துணி கட்டும் நம் பழக்கம் நடக்கும்போது ஆதரவு தரும். மூச்சு முட்ட இறுக்கினால் தீமை விளையும். தசையை அது ஒட்டவைக்கும் என்பதும் தவறு. இருமும்போது தொப்புளருகே உருண்டை புடைத்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அது அழகுப் பிரச்சினை அன்று. அறுவை மருத்துவரிடம் அனுப்பவேண்டிய நோய். காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் ஒரு மணி நேரமும் தாமதித்தலாகாது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உடல்நூல் பாடத்தில் கருப்பை ஆறு வாரத்தில் சுருங்கும் வரலாற்றைச் சொல்லும்போது, பெற்ற வயிறு சில மாதம் தளர்ந்திருப்பது இயற்கை என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லலாம். அதைக் கேட்டு வளரும் சிறுமி நாளை தன் உடலைக் கண்டு வெட்கப்படமாட்டாள்; அதைக் கேட்டு வளரும் சிறுவன் தன் மனைவியைக் குறை கூறமாட்டான்.

பிரசவ நாளில் வயிற்றைத் திறப்பது குழந்தையையும் தாயையும் காப்பதற்காக. அந்நாளில் காயம் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நன்று. மற்றவற்றை ஆறு மாதம் கழித்துச் சிந்திக்கலாம். காத்திருப்பதால் தாய்க்கு நஷ்டம் ஏதுமில்லை.