இமைச் சிகிச்சையும் மயக்க மருந்தும்

அழகின் பொருட்டுக் கண்ணிமையைக் கத்தியிட்டுத் திருத்திக்கொள்வது தகுமா, தகாதா என்னும் விவாதத்தில் நாம் இன்று இறங்கப்போவதில்லை. முதுமையில் தொங்கும் மேலிமை பார்வையையே மறைப்பதுண்டு. அதைக் குறைத்துக்கொள்பவரை ஆடம்பரப் பிரியர் என்று இகழ்வது நியாயமன்று. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் வாலிப வயதினர் இமையில் ஒரு மடிப்பு உண்டாக்கிக்கொள்கின்றனர். மிகாமோ என்னும் ஜப்பானிய வைத்தியர் இம்முறையை 1896-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டிருக்கிறார். அஃது அவரவர் விருப்பம். நமது ஆட்சேபம் வேறொன்றைப் பற்றியது. நோயாளி விழித்திருக்கும்போதே செய்யத்தக்க இச்சிறு சிகிச்சையை, அவரை உறங்கவைத்துவிட்டுச் செய்யும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றிவிட்டதே, அதைத்தான் கண்டிக்கிறோம். "உறங்கி எழுந்தால் எல்லாம் முடிந்திருக்கும்" என்பது வியாபார விளம்பரத்துக்கு ஏற்ற வாசகம், வைத்தியத்துக்கு ஏற்றதன்று.

உடல் முழுவதையும் மயக்காமல் ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வித்தை கண்ணிலேதான் பிறந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வியன்னா நகரத்து இளம் வைத்தியரான கார்ல் கோலர் 1884-இல் கொக்கெயின் கரைசலைத் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு தம் கண்ணிலேயே விட்டுக்கொண்டு குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டார். உணர்ச்சியில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஹைடெல்பர்க் நகரில் கூடிய கண் வைத்தியர் மகாசபைக்குச் செல்ல அவரிடம் வழிச்செலவுக்குப் பணமில்லாமையால், வேறொருவர் அவருடைய கட்டுரையைப் படித்தார்! கொக்கெயினின் விஷத்தன்மை விரைவிலேயே வெளிப்பட்டது. 1943-இல் ஸ்வீடன் தேசத்து லோஃப்கிரேன், லுண்ட்குவிஸ்ட் என்னும் இருவர் உண்டாக்கிய லிடோகெயினே இன்று இமைச் சிகிச்சையில் பெரிதும் வழங்கிவருகிறது.

அந்த மருந்தை ஏற்றும் முறையில்தான் வைத்தியரின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. முதலில் கண்ணில் மரப்புச் சொட்டு விட்டுக் கருவிழியைக் காக்க ஒரு மூடி இடப்படும். பின்னர் மயிரிழை போன்ற ஊசியால், தோலுக்குச் சற்றே அடியில், இமையோடு இணையாக, ஊசிமுனை விழியை நோக்காதபடி, மெதுவாக மருந்தைச் செலுத்துவர். ஆழமாகக் குத்தினால் தசையிலுள்ள நாளங்கள் கிழிந்து இரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டிய பிறகு எவ்வளவு தோலை நீக்குவது என்ற அளவே தவறிவிடும். ஆகவே வெட்டவேண்டிய கோட்டை ஊசி போடுவதற்கு முன்னரே வரைந்துகொள்வது வழக்கம். லிடோகெயின் அமிலத்தன்மை உடையது. சோடா உப்புக் கரைசலைச் சிறிதளவு கலந்தால் எரிச்சல் வெகுவாய்க் குறையும். இரண்டு சதவீத மருந்து ஓர் இமைக்கு 1 அல்லது 2 மில்லிலிட்டர் போதும். நான்கு இமைகளுக்கும் சேர்த்து 160 மில்லிகிராமைத் தாண்டாது. அட்ரினலின் கலந்த மருந்தை 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 420 மில்லிகிராம் வரை கொடுக்கலாம் என்பது பொதுக் கணக்கு. விஷ பயத்துக்கு இங்கே இடம் குறைவு. அவசரத்துக்குத்தான் இடம் அதிகம். கலந்துள்ள அட்ரினலின் நாளங்களைச் சுருக்கி இரத்தப் போக்கைத் தடுக்கச் சுமார் பத்து நிமிஷங்களாவது ஆகும். அந்தப் பத்து நிமிஷங்களைப் பொறுக்கமாட்டாதவர் கத்தி எடுக்க லாயக்கற்றவர் என்றே சொல்வோம்.

இவ்வாறு நிதானமாகச் செய்தபின், உறக்க மருந்து எதற்கு? விழித்திருக்கும் நோயாளி வைத்தியருக்குச் சுமையல்லர், துணை. "கண்ணைத் திறவுங்கள், மேலே பாருங்கள், எழுந்து உட்காருங்கள்" என்றால் அவர் செய்வார். இரு இமைகளும் ஒத்த உயரத்தில் நிற்கின்றனவா என்று அங்கேயே தெரியும். கசிந்து உள்ளே சென்ற மரப்பு மருந்து இமையை உயர்த்தும் தசையைத் தளர்த்தக்கூடும். அட்ரினலினோ முல்லர் தசையைத் தூண்டி இமையைத் தூக்கக்கூடும். இவ்விரண்டையும் கழித்துக் கணக்கிடுவதே கடினமாயிருக்க, உறங்குகிறவரின் மூடிய இமையைக் கொண்டு எதைக் கணக்கிடுவது?

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. விழியின் பின்புறம் இரத்தம் பெருகினால் அதன் அழுத்தம் பார்வையையே பறித்துவிடும். 2004-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றின்படி, இச்சிகிச்சை செய்துகொண்டவர்களில் சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இரத்தப் பெருக்கும், 22,000 பேரில் ஒருவருக்கு நிலையான பார்வை இழப்பும் நேர்ந்தன. அபூர்வந்தான், ஆயினும் அந்த ஒருவருக்கு அபூர்வம் என்ற ஆறுதல் என்ன செய்யும்? திடீர் வலி, பார்வை மங்கல் என்ற முதல் எச்சரிக்கையைத் தரவல்லவர் நோயாளியே. அவரை ஊமையாக்கிவிடுவது விவேகமன்று. அன்றியும், உறக்க மருந்து சுவாசத்தைத் தளர்த்துவதால் மூக்கில் பிராணவாயுக் குழாய் வைக்கின்றனர். அதன் அருகிலேயே இரத்தத்தை அடக்க மின்சாரச் சூட்டுக்கோலைப் பிடிக்கின்றனர். பிராணவாயுவும் நெருப்பும் கூடும் இடத்தில் முகம் தீப்பற்றிய விபத்துகள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

மிதமிஞ்சிய அச்சமுள்ளவர்களும் சிறுவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்கு உறக்கம் தேவையாகலாம். அப்போது சுவாசத்தைக் கவனிப்பதற்கென்றே மயக்க வைத்தியர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். விதிவிலக்கை விதியாக்குவதைத்தான் எதிர்க்கிறோம்.

தென் கொரியாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அழகுச் சிகிச்சைக் கூடங்களில் தாராளமாகப் புழங்கிய புரொபொஃபால் என்னும் உறக்க மருந்தை அத்தேச சர்க்கார் 2011-இல் கட்டுப்பாட்டுக்குட்பட்ட போதைப் பொருள்களில் சேர்த்தது. 2016-இல் ஸியோல் நகரில் தாடை எலும்புச் சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உதிரப் பெருக்கினால் மாண்டார். அவருடைய தாயார் அறையிலிருந்த படக்கருவியின் பதிவைக் கைக்கொண்டு ஆண்டுக்கணக்காகப் போராடினார். முடிவில், நோயாளி உணர்விழந்த நிலையில் சிகிச்சை நடக்கும் அறைகளில் படக்கருவி வைத்தே ஆகவேண்டும் என்று 2021-இல் சட்டம் பிறந்து, 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. உறங்குகிறவருக்குச் சாட்சியாக ஓர் இயந்திரத்தை நிறுத்தவேண்டியிருக்கிறது. இமைக்கு ஊசி போட்டுக்கொண்டு விழித்திருப்பவருக்கு அச்சட்டம் பொருந்தாது. அங்கே சாட்சி அவரே.